ஓரத்து நாத்து

ஐப்பசி பொறந்தாலே எனக்கு இடுப்பு தானா வலிக்க ஆரம்பிச்சிடுது. முப்பது வருஷம் சேத்துல குனிஞ்ச இடுப்பு. நடவு எப்பன்னு அதுக்கு யாரும் சொல்ல வேணாம், அதுக்கே தெரியும். இப்பல்லாம் நான் கடைசி ஆளா நிக்கறேன். எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு வயசாயிடுச்சின்னு சொல்லிடறது. அது நெசமில்ல. நெசத்தச் சொல்லணும்னா ராமாயியிலேருந்து ஆரம்பிக்கணும்.

என் பேரு தனக்கொடி. ஊரு குருவிநத்தம். ஆத்துக்கு இந்தாண்ட நாங்க பிரெஞ்சுக்காரன் எல்லை, அந்தாண்ட இங்கிலீஷ்காரன் எல்லை. ஆத்துல தண்ணி இல்லன்னா நடந்தே பூடலாம். எங்க ஊர்ல உலகநாதன் ஐயாவுக்குப் பத்து காணி நஞ்சை. அந்தப் பத்து காணிக்கும் நடவு நடறது நாங்க இருவத்திரெண்டு பொம்பளைங்க. அதுல நான்தான் முன்னத்தி. ஏருக்கு முன்னத்தி ஏரு இருக்கில்ல, அது மாதிரி. ஈசானிய மூலையில மொத நாத்து நான்தான் வைக்கணும். யார் யார் எங்க நிக்கணும், யாரு வரலாம், யாரு வரவேணாம், கஞ்சிக்கு எப்பக் கரையேறணும், எல்லாம் என் வாய்ச்சொல்லு. பதினாறு வருஷம் அப்படி இருந்தேன். எங்க பக்கத்துல இன்னொரு வழக்கமும் உண்டு. நட்டவதான் அறுக்கணும். நடவுக்கு வராதவளுக்கு அறுப்பும் இல்ல. ஐப்பசியில ஒருத்திய வேணாம்னு சொன்னா தையில அவ வூட்டுல நெல்லு இருக்காது. அந்த வருஷம் பூரா அவளுக்குக் கஞ்சி இல்லன்னுதான் அர்த்தம்.

ராமாயி ஆத்துக்கு அந்தாண்டலேருந்து எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. புருஷன் காய்ச்சல்ல பூட்டான். ஒரே ஒரு பொண்ணு. கூட்டத்துக்கு வந்த ரெண்டாவது வருஷம், சேத்துல நின்னுகினே ஒன்னு சொன்னா. அந்தாண்ட சர்க்கார் பண்ணையில அவ நடவுக்குப் போயிருக்காளாம். அங்க ஊனற ஒவ்வொரு குத்துக்கும் ஒரே ஒரு நாத்துதான் வைப்பாங்களாம், அதையும் சாண் எட்டி வைப்பாங்களாம். ஒத்தையா வச்சா பக்கத்துல கெளைச்சித் தூர் கட்டி வருதாம், நாம அஞ்சாறு வைக்கறதுல ஒன்ன ஒன்னு நெருக்கிகினு வீணாப் போவுதாம்.

நான் சிரிச்சேன். நான் சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. அதோட வுட்டிருந்தா பரவால்ல. அவ வரப்புல நின்ன உலகநாதன் ஐயாகிட்டயும் சொல்லிட்டா. அவரு படிச்ச மனுஷன், புதுச்சேரிக்குப் போய்ப் பேப்பரு வாங்கிப் படிக்கறவரு. காவாய் ஓரத்துல இருக்கற அரைக்காணிய மட்டும் அப்படி நட்டுப் பாக்கலாமேன்னாரு. தனக்கொடி, நீ பாத்துச் செஞ்சிடுன்னாரு. சரிங்கய்யான்னேன்.

எனக்கு வயிறு எரிஞ்சிச்சி. இதுல மறைக்க இன்னா இருக்கு? பதினாலு வருஷமா நான் சொல்லி நட்ட நடவு, நேத்து வந்தவ அது தப்புன்னு சொல்றா, ஐயா தலையாட்டறாரு. அது மட்டும் இல்ல. ஒத்தை நாத்து வச்ச கழனிய நெனச்சிப் பாத்தாலே எனக்கு அசிங்கமா இருந்துச்சி. நட்டு முடிச்சிக் கரையேறித் திரும்பிப் பாத்தா பச்சையா இருக்கணும். வெறும் தண்ணியா தெரிஞ்சா, வரப்புல போறவன் குருவிநத்தத்துப் பொம்பளைங்க நாத்தத் திருடிட்டாளுங்கன்னுதான் பேசுவான்.

அன்னிக்கி ராமாயிய நாத்தங்காலுக்கு நாத்துப் புடுங்க அனுப்பிட்டேன். அரைக்காணியில எறங்கினதும் மத்தவங்ககிட்ட சொன்னேன், வரப்போரமா சுத்தி மூணு வரிசை மட்டும் ஒத்தையா வையுங்க, உள்ள வழக்கம்போல வையுங்கன்னு. ஐயா வரப்புல நின்னுதான் பாப்பாரு, சேத்துல எறங்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். கலியம்மா மட்டும் "இன்னாக்கா இது"ன்னு கேட்டா. வேலயப் பாருடின்னேன். அவளும் வச்சா. நடுவுல பழைய நடவு, ஓரத்துல புது நடவு. சாயந்தரம் ஐயா வந்து சுத்திப் பாத்தாரு. ரொம்பச் சரின்னாரு.

தை மாசம் அறுப்பு. ராமாயிய வேற கழனிக்குக் கட்டுச் சுமக்க அனுப்பிட்டு, அந்த அரைக்காணியில நாங்க எறங்கினோம். நான் ஓரத்து வரிசையில நின்னேன். அருவாள வலக்கையில வச்சிகினு இடக்கையால மொதக் குத்தப் புடிச்சேன். கைக்கு அடங்கல. இன்னொரு கை வேண்டியிருந்துச்சி. ஒத்தை நாத்துதான் அது, நான் என் கையால வச்சது. இருவது தூருக்கு மேல இருக்கும், எல்லாத்துலயும் கதிரு. அடுத்த குத்தும் அப்படியே. நாலாவது வரிசைக்கு வந்தேன், நம்ம பழைய நடவு, கைக்கு சொளுவா அடங்கிச்சி. நான் யாரையும் பாக்கல. யாரும் என்னப் பாக்கல. அறுத்தோம், கட்டினோம், களத்துக்கு அனுப்பினோம்.

களத்துல ஓரத்து நெல்லும் நடுவு நெல்லும் ஒன்னாத்தான வுழும். ஐயா அளந்து பாத்தாரு, பக்கத்துக் கழனியவிட ஏதோ ஒரு மரக்கா கூட. இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்னு கேட்டாரு. அப்பதான் ராமாயி போய் அந்தக் கழனியில அறுத்து மிஞ்சின அடித்தாளப் பாத்திருக்கா. அறுத்த தாளப் புடுங்கினா வேரு சொல்லிடுமே. நடுவுலேருந்து ரெண்டு தாளப் புடுங்கிகினு வந்து, இதுல அஞ்சு நாத்து இருக்கு பாருங்கன்னு ஐயா முன்னாடி வச்சா. உள்ள பழைய நடவான்னு ஐயா எங்களக் கேட்டாரு. நான் இல்லன்னேன். அப்பறம் ஒவ்வொருத்தியா இல்லன்னா. கலியம்மாளும் இல்லன்னா. இருவத்தோரு பேரு பொய் சொல்லுவாங்களான்னு ஐயா ராமாயியப் பாத்துக் கேட்டாரு. அவ அந்தத் தாளக் கீழ போட்டுட்டுப் பூட்டா.

அடுத்த ஐப்பசியில அவ வந்து நின்னப்ப ஆளு நெறைஞ்சி போச்சுன்னு சொல்லிட்டேன். எங்க நெறைஞ்சிது? அவ எடம் அப்படியே காலியாத்தான் இருந்துச்சி.

அவ ஆத்தங்கரையில புல்லறுத்து, பாகூருக்குத் தலையில தூக்கினு போய் வித்தா. அது எத்தினி நாளைக்கு ஓடும்? சண்டைக்காலம் வேற, ரங்கூன் அரிசி நின்னு போச்சு. அவ பொண்ணுக்குப் பத்து வயசு, அதப் புதுச்சேரியில ஒரு வூட்டுல வேலைக்கு வுட்டுட்டாங்கறது காதுல வுழுந்துச்சி. ஐயோன்னு இருந்துச்சி. ஆனா போய் ஒரு வார்த்தை கேக்கல. எனக்கும் வேல இருந்துச்சின்னு சொல்லிக்கலாம்.

ரெண்டு வருஷம் ஓடிச்சி. மூணாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில பெண்ணையாறு பொரண்டு வந்துச்சி. மூணு நாளு நாங்க மேட்டுல உக்காந்துகினு இருந்தோம். தண்ணி வடிஞ்சி போய்ப் பாத்தா நாத்தங்கால் பத்துல எட்டு வண்டலுக்குள்ள. ரெண்டு பாத்தி நாத்துதான் தலைய நீட்டினு இருந்துச்சி. பிரெஞ்சுக்காரனோட ஊர் ஆபீசு மேரியிலேருந்து ஒரு ஆளு குடையப் புடிச்சிகினு வந்து எல்லாத்தையும் எழுதிகினு போனான், எழுதினதோட சரி. மறுபடி விதைக்க விதைநெல்லும் இல்ல, பருவமும் இல்ல.

உலகநாதன் ஐயா என்னக் கூப்புட்டு அனுப்பினாரு. ரெண்டு காணிக்குத்தான் நாத்து வரும், மீதி எட்டு காணிய ஈரத்தோட உளுந்து தெளிச்சி வுட்டுடறேன், அதுக்கு ஏராளுங்களே போதும்னாரு. ரெண்டு காணி நடவுக்கு எத்தினி பேரு வேணும்னு கேட்டாரு. ஏழு பேரு போதுங்கய்யான்னேன். அப்ப நீயே பொறுக்கிக்கன்னுட்டாரு.

இருவத்தோரு பேர்ல ஏழு பேரு. நான் வூட்டுக்கு வந்து உக்காந்தேன். இவளுக்குக் கைக்கொழந்தை, இவளுக்குப் புருஷன் காலு ஒடிஞ்சி கெடக்கறான், இவ என் கூடப் பொறந்தவ மகன் பொண்டாட்டி. வெரல மடக்கினு மடக்கினு பாத்தேன். எப்படி மடக்கினாலும் பதினாலு பேரு வெளிய நின்னாங்க. அதுல ஒருத்தி கூட எங்கிட்ட வந்து கெஞ்சல. தெருவுல என்னப் பாத்தா தலையக் குனிஞ்சினு போனாளுங்க. ஒருத்திய வெளிய நிறுத்தினது எனக்கு எம்மாம் சொளுவா இருந்துச்சின்னு அப்பதான் நெனப்பு வந்துச்சி. பதினாலு பேர நிறுத்தச் சொன்னப்ப எனக்குச் சோறு எறங்கல.

மூணாம் நாளு கலியம்மா வந்தா. வாசல்ல நின்னுகினு, தரையப் பாத்துகினே சொன்னா. "ஒத்தையா வச்சா அந்த ரெண்டு பாத்தி நாத்து பத்து காணிக்கும் வருமில்லக்கா."

வாய மூடுடின்னு அவள வெரட்டி அடிச்சிட்டேன். அவ சொன்னது எனக்கு மொத நாளே தோணினதுதான். ஐயா நாத்து ரெண்டு பாத்தின்னு சொன்ன அந்த நிமிஷமே என் கை கணக்குப் போட்டுடுச்சி. ஆனா அந்த வழியில போவணும்னா நடுவுல ராமாயி நிக்கறா. ஒத்தை நடவு ஒன்னும் ஆவாதுன்னு ஐயாவ நம்ப வச்சவளே நான்தான. இப்பப் போய் ஆவும்னு சொல்லணும்னா அன்னிக்கிச் சொன்னது பொய்யின்னு சொல்லணும்.

ஐயா மாட்டுக்கொட்டாயில சேறு படிஞ்ச கலப்பையச் சொரண்டினு இருந்தாரு. நான் போய் நின்னேன். எல்லாத்தையும் சொன்னேன். ஓரத்துல மூணு வரிசைதான் ஒத்தை, உள்ள எல்லாம் பழைய நடவு, நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன், மத்தவங்க என் பேச்சக் கேட்டாங்க, அவ்வளவுதான்னேன். அவரு சொரண்டறத நிறுத்திட்டாரு.

"அப்ப ராமாயி கொண்டாந்து காட்டின தாளு?"

"நெசம்தாங்கய்யா."

அவருக்குக் கோவம் வந்துச்சின்னா கத்த மாட்டாரு. "அந்த ஓரம் எப்படி வெளைஞ்சிதுன்னு அறுத்தப்பப் பாத்திருப்பியே"ன்னு கேட்டாரு.

எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தவளுக்கு அது ஒன்னு வாயில வரல. நட்டப்ப வீம்புல செஞ்சிட்டேன்னு சொல்லலாம், அதுல ஒரு மானம் மிச்சம் இருக்கு. தெரிஞ்சப்பறமும் ஒருத்திய வெளிய நிறுத்தினேன்னு எப்படிச் சொல்றது? கவனிக்கலைங்கன்னு சொன்னேன்.

இப்ப நீ சொல்றத மட்டும் எத வச்சி நம்பறதுன்னு கேட்டாரு. ஞாயமான கேள்வி. என்ன நம்ப வேணாங்கய்யா, ராமாயிய முன்னத்தியா வையுங்க, நான் கடைசியில நிக்கறேன்னேன். அவ வந்தா நட்டுக்குங்க, வரலன்னா உளுந்துதான்னு சொல்லிட்டுக் கலப்பையத் திரும்பச் சொரண்ட ஆரம்பிச்சாரு.

ராமாயி ஆத்தங்கரையில புல்லறுத்துகினு இருந்தா. நான் வந்தது தெரிஞ்சும் அருவாள நிறுத்தல. நின்னுகினே பேசினேன். வெள்ளத்தச் சொன்னேன், பதினாலு பேரச் சொன்னேன், ஐயாகிட்ட ஒத்துகினதச் சொன்னேன். ரெண்டு கட்டு புல்லு சேர்ற வரைக்கும் அவ அறுத்துகினேதான் இருந்தா. நான் ஒரு கட்டத் தூக்கி வுடலாம்னு குனிஞ்சேன். வேணாம்னுட்டா.

அப்பறம் சொன்னா, "ஈசானிய மூலையில நின்னு, எல்லாருக்கும் முன்னாடி நீயே சொல்லணும்."

சொன்னேன். நல்ல நாளு பாத்து, மஞ்சளும் கற்பூரமும் வச்சிட்டு, இருவத்திரெண்டு பேரும் மூலையில நின்னப்ப சொன்னேன். அவ பொய் சொல்லல, நாமதான் சொன்னோம், சொல்ல வச்சவ நான்னு. ரெண்டு மூணு பேரு அழுதாளுங்க. கலியம்மா போய் ராமாயி கையப் புடிச்சிகினா. மொத நாத்தக் கை நெறைய வைக்கறது எங்க வழக்கம், கழனி நெறையணும்னு. நான் நாத்து முடிய அவிழ்த்துக் கை நெறைய எடுத்து அவகிட்ட நீட்டினேன். அவ அதுல ஒன்ன மட்டும் உருவி நட்டா. மீதிய எங்கிட்டயே குடுத்துட்டா. சாமிக்கு ஆவாதேன்னு நெனச்சேன். வாய மூடினு கடைசி எடத்துக்குப் போய் நின்னேன்.

கடைசி எடம்னா இன்னான்னு பதினாறு வருஷமா எனக்குத் தெரியாது. முன்னாடி போறவளுங்க மிதிச்ச குழி எல்லாம் நமக்குத்தான். எல்லாரும் கரையேறினப்பறம் நாம இன்னும் நாலு முழம் குனிஞ்சிகினு இருப்போம். அது கூடப் பரவால்ல. என் கை கேக்கல. நெனப்பு ஒன்னுன்னு சொல்லுது, கை அஞ்ச எடுத்து ஊனிடுது. பாதி நேரம் எனக்கே தெரியாது. மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டுத் திரும்பறேன், ராமாயி என் வரிசையில குனிஞ்சிகினு இருக்கா. நான் வச்ச குத்துலேருந்து மிச்ச நாத்த உருவி உருவி முடியா கட்டிகினு இருந்தா. அந்த முடிய என் பக்கத்துல வச்சிட்டு முன்னாடி பூட்டா. சாயந்தரமும் அப்படியே. நாலாம் நாளுதான் என் கை அடங்கிச்சி. அதுக்குள்ள என் வரிசையிலேருந்து அவ உருவின நாத்து கால் காணிக்கு வந்துச்சின்னு கலியம்மா சொன்னா.

பத்து காணியும் நட்டோம். திரும்பிப் பாத்தா தண்ணிதான் தெரிஞ்சிது. நான் பயந்தபடியே ஊரு சிரிச்சிச்சி. பாகூர்ச் சந்தைக்குப் போறவன் வர்றவன் எல்லாம் வரப்புல நின்னு, இது நடவா, இல்ல வெள்ளம் இன்னும் வடியலயான்னு கேட்டான். இருவது நாளு எனக்குத் தூக்கம் சரியா இல்ல. காலையில எழுந்து போய்ப் பாப்பேன். ஒத்தை ஒத்தையா நின்னுகினு இருக்கும். ராமாயியும் வந்து நிப்பா, வரப்புக்கு அந்தக் கோடியில. அவளுக்கும் பயம் இருந்திருக்கும். இது சர்க்கார் பண்ணை மண்ணு இல்லையே. ஒருத்தர ஒருத்தர் பாத்துப்போம், பேச மாட்டோம். அப்பறம் மெல்லத் தூர் வுட ஆரம்பிச்சிது. கார்த்திகை முடியறதுக்குள்ள தண்ணிய மூடிடுச்சி. அதுக்கப்பறம் யாரும் சிரிக்கல.

தையில அறுப்புக்கு எறங்கினோம். ராமாயி மொத எடத்துல, நான் கடைசியில. இடக்கையால குத்தப் புடிச்சேன். கைக்கு அடங்கல. அதே மாதிரி, இன்னொரு கை வேண்டியிருந்துச்சி. என் கைக்கு அது பழக்கமான ஒன்னு. நான் நிமிந்தேன்.

"ராமாயி, குத்து கைக்கு அடங்கலடி."

எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னேன். பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாளுங்க, சந்தோசத்துல. எனக்கும் சந்தோசம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ராமாயி சிரிக்கல. அருவாளோட வரிசை பூராவும் நடந்து எங்கிட்ட வந்தா. நான் புடிச்சிருந்த குத்தப் பாத்தா. அப்பறம் எனக்கு மட்டும் கேக்கற மாதிரி கேட்டா.

"அன்னிக்கி ஓரத்துலயும் அடங்கலதான?"

கவனிக்கலன்னு இவகிட்டயும் சொல்லியிருக்கலாம். ஐயா அத நம்பினாரு, இவ நம்பினாலும் நம்பியிருப்பா. நான் புடிச்ச குத்து இன்னும் கையிலதான் இருந்துச்சி.

"அடங்கல. அன்னிக்கே தெரியும்"ன்னேன்.

திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

"போன வாரம் புதுச்சேரிக்குப் போனேன், பொண்ணக் கூட்டினு வர. நெல்லு வரப்போவுது, வூட்டுக்கு வாடின்னேன்." அவ குத்தையே பாத்துகினு சொன்னா. "வரமாட்டேன்னுட்டா. அவளுக்கு அங்கயே பழகிப்போச்சாம்."

சொல்லிட்டுத் திரும்பிப் போய் அவ எடத்துல நின்னா. கஞ்சி நேரத்துக்குள்ள இந்த வரிசைய முடிச்சிடணும், அறுங்கன்னு எல்லாருக்கும் பொதுவா சொன்னா. நான் குனிஞ்சி அந்தக் குத்த ரெண்டு கையாலயும் சேத்துப் புடிச்சி அறுத்தேன். இடுப்பு வலிச்சிது.